ஐந்தாம் படிவத்தை யார் நிரப்புவது?

2022 ஜனவரி 2. சென்னை பெருங்குடியில் வங்கி ஊழியர் ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை விட்டார். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் பொழிச்சலூரில் ஐ.டி. ஊழியர் ஒருவர் மனைவி, மகள், மகன் மூவரையும் கொன்றுவிட்டுச் செத்தார். டிசம்பரில் செங்கத்தை அடுத்த ஒரந்தவாடியில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. அங்கே மனைவியும் நான்கு பிள்ளைகளும் போனார்கள். பலத்த காயத்தோடு ஒரு சிறுமி மட்டும் பிழைத்தாள். பன்னிரண்டு மாதத்துக்குள் தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட சம்பவங்கள் இவை. மாதச் சம்பளக்காரர், ஐ.டி.காரர், கூலிக்காரர் என்று மூன்று பேரும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள்.

மறுநாள் பேப்பரிலேயே மூன்றுக்கும் காரணம் அச்சாகிவிட்டது. பெருங்குடிக்கு ஆன்லைன் ரம்மி, பொழிச்சலூருக்குக் கடன், ஒரந்தவாடிக்குக் குடும்பத் தகராறு. அரசும் காரணத்தின் பின்னால்தான் போனது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஆன்லைன் சூதாட்டம் பற்றிக் குழு அமைந்தது. அவசரச் சட்டம் வந்தது, மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. வேண்டிய சட்டம்தான். ஆனால் ரம்மியில் பணம் விட்டவர்கள் எத்தனையோ பேர். கடன்பட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் யார்மேலும் கை வைப்பதில்லை. தன் வாழ்க்கை முடிந்தது என்று ஒருவர் முடிவு கட்டும்போது, மனைவியுடையதும் பிள்ளைகளுடையதும் கூடவே முடிந்தாக வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றுகிறது? இதைக் கேட்பதற்கு எந்தக் குழுவும் போடப்படவில்லை.

வெளிநாட்டில் இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. மார்கோ வில்சன், மார்ட்டின் டேலி இருவரும் சக ஆய்வாளரோடு சேர்ந்து கனடா, இங்கிலாந்து வழக்குகளை வைத்து 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணையையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கொல்கிறவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆண்கள். அவர்களை அந்த ஆய்வு இரண்டு வகையாகப் பிரித்தது. ஒருவகை, மனைவிமேல் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்து கொல்கிறவன்: அவள் நடத்தை சரியில்லை, என்னை விட்டுப் போகப் பார்க்கிறாள், பிள்ளை எனக்குப் பிறக்கவில்லை. இன்னொரு வகை நொடித்துப்போனவன்: வேலை போய், தொழில் போய், மானம் போகும் என்று பயந்து, குடும்பத்தையே தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறவன். நீல் வெப்ஸ்டேல் 2010-இல் எழுதிய நூலும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் போகிறது. அவர் சேர்த்துச் சொல்லும் ஒரு செய்தி முக்கியமானது. முதல் வகையில் ஊரறிந்த அடி உதை இருக்கும். இரண்டாம் வகையில் அக்கம்பக்கத்தார், “நல்ல மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரே” என்பார்கள்.

முதல் வகைக்குப் பக்கத்து மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2017 பிப்ரவரி 25 அன்று கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் ஒருவர் தன் மனைவியையும், மனைவியின் தங்கையையும், பத்து வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளையும் வெட்டிக் கொன்றார். மனைவியின் நடத்தைமேல் அவருக்கு நெடுநாள் சந்தேகம். நான்கு பிள்ளைகளில் ஒரு மகள் மட்டும்தான் தனக்குப் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மகள் உயிரோடு இருக்கிறாள். இது ஒரு நிமிட ஆத்திரத்தில் நடந்ததல்ல என்பதற்கு அவள் உயிரோடிருப்பதே சாட்சி. எந்தப் பிள்ளை வாழலாம், எது கூடாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார். கொழுந்தியாளையும் விடவில்லை. அடிபட்ட பெண்ணுக்கு ஆதரவாக நிற்கும் தங்கை, தாய், தகப்பன் என்று பெண் வீட்டாரும் இந்த மாதிரி ஆளின் பட்டியலில் ஏறிவிடுகிறார்கள்.

இரண்டாம் வகையைப் பற்றி நம் ஊர்ச் செய்திகள் எழுதும் முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. “தான் போனபின் பிள்ளைகள் அனாதையாகிவிடக் கூடாதே என்று” என ஒரு வரி வந்துவிடும். படிக்கிறவர் கண்ணில் நீர் வரும். செத்தவன்மேல் இரக்கம், கொலையான குழந்தைமேலும் இரக்கம், இரண்டையும் ஒரே அளவாக ஊற்றிவிடுகிறோம். எட்டு வயதுப் பையனிடம் யாரும் கேட்கவில்லை, அவன் அம்மாவிடமும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டவனும் நொடித்தவனும் ஒரு விஷயத்தில் ஒன்று: வீட்டில் உள்ள மற்ற உயிர்களைத் தன் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலாமவன் அதை அடித்துக் காட்டினான். இரண்டாமவன் காட்ட வேண்டிய அவசியமே வராமல் இருந்தது, கடைசி நாள் வரைக்கும்.

பெண்கள் செய்வதில்லையா என்ற கேள்வி உடனே வரும். செய்கிறார்கள். ஆனால் வேறு பாதையில் வந்து செய்கிறார்கள். தமிழருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. நல்லதங்காளைத் தெரியாதவர் யார்? ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவளுக்கு விருதுநகர் மாவட்டம் அர்ச்சுனாபுரத்தில் கோயிலே இருக்கிறது. கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துவிட்ட ஒரு தாயின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1989-இல் நீதிமன்றம் அந்த நிலைக்கு நல்லதங்காள் பெயரையே வைத்தது. சுயம்புக்கனி வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தில் திடீர் ஆத்திரம்தான் தண்டனையைக் குறைக்கும். நாள்பட நாள்பட ஏறும் துயரமும் அப்படிக் குறைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பெண்ணின் நிலையை நீதிமன்றம் படித்த நல்ல படிப்பு அது. ஆனாலும் பிள்ளைகள் செத்தது செத்ததுதான். வீட்டில் அடிப்பவன் தன் கையால் கொல்லாத கொலைகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னொன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து, தற்கொலை அறிக்கையில் “குடும்பத்தோடு தற்கொலை” என்று ஒரு பகுதி உண்டு. அண்மை ஆண்டுகள் பலவற்றில் அதில் தமிழ்நாடுதான் முதலிடம். அந்த எண்ணிக்கைக்குள் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை எப்படித் தற்கொலை செய்யும்? பாலில் எதையோ கலந்து கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே! 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அந்தப் படத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் இருவர் அதில் போனார்கள். கந்துவட்டியைப் பேசினோம், பேசத்தான் வேண்டும். அந்த இரண்டு குழந்தைகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பேசவில்லை. கொலையைத் தற்கொலைக் கட்டத்தில் எழுதினால், கொலைக்கு முன் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்க யாருக்கும் வேலை இருக்காது. குற்றம் சாட்டப்பட வேண்டியவர் இறந்துவிட்டார், கோப்பு மூடப்படும்.

இனி, முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29.3. படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிறோம் என்று மார்தட்டும் மாநிலத்தில் இந்த எண். அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுவதும் 14 சதவீதம் பேர்தான் எங்காவது உதவி கேட்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று பேர் வாயே திறக்கவில்லை. குடியின் பங்கும் அதிலேயே இருக்கிறது. கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீடுகளில் 70 சதவீதப் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். குடிக்காதவன் வீட்டில் 23. டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் முதல் எண்ணைக் காட்டுவார்கள். மூடக் கூடாது என்பவர்கள் இரண்டாவதைக் காட்டலாம். குடி அடியைக் கூட்டுகிறது. குடிக்காமலே நான்கில் ஒரு வீட்டில் அடி விழுகிறது என்பதும் அதே பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது.

அடிபடும் வீடுகள் லட்சக்கணக்கில் என்றால், அவற்றில் எந்த வீடு கொலையில் போய் முடியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது என்றுதான் தோன்றும். ஓரளவு முடியும் என்கிறார் ஜாக்குலின் கேம்பல் என்ற அமெரிக்க நர்ஸ். 1985-இல் அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். நர்சும் போலீஸும் பெண்ணிடம் கேட்டு ஆபத்தை அளக்க உதவும் பட்டியல். 2003-இல் பதினொரு நகரங்களின் கொலை வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் கட்டுப்படுத்தும் கணவனை விட்டுப் பிரிந்த பெண்ணுக்குக் கொலையாகும் ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 2008-இல் வந்த இன்னோர் ஆய்வில், முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் பின்னால் கொலையில் முடியும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். கழுத்தை நெரித்தால் பல சமயம் தடம்கூடத் தெரியாது. உதடு கிழிந்து ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற உறவுக்காரர்கள், “சும்மா கழுத்தைப் பிடிச்சான், விட்டுட்டான்” என்பதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. அந்த ஆய்வின்படி அஞ்ச வேண்டியது அந்த இரண்டாவதற்குத்தான்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தாளைக் காட்ட விரும்புகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளோடு சில படிவங்கள் இணைத்திருக்கிறார்கள். முதல் படிவம் எல்லோருக்கும் தெரிந்த குடும்ப வன்முறை அறிக்கை. ஐந்தாம் படிவத்தைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். இடப்பக்கம் வரிசையாக: உடல்மேல் வன்முறை. கழுத்தை நெரிக்க முயன்றது. குழந்தைகளை அடிப்பது. தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவன் மிரட்டுவது. தற்கொலைக்கு முயன்றது. நடத்தை கெட்டவள் என்று பழி போடுவது. உன்னையும் பிள்ளைகளையும் உன் அப்பா அம்மாவையும் ஒரு வழி பண்ணிவிடுவேன் என்பது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்பது. குடி, போதை. பழைய குற்ற வழக்குகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதனால் என்ன ஆயிற்று, அடுத்து என்ன நடக்கும் என்று அவள் அஞ்சுகிறாள், பாதுகாப்புக்கு என்ன வேண்டும், நீதிமன்றத்திடம் என்ன உத்தரவு கேட்கிறாள் என்று கட்டங்கள். சூழ்நிலையின் ஆபத்தை மதிப்பிட்டு, அந்தப் பெண்ணோடு கலந்து பேசி, பாதுகாப்பு அலுவலர் இதை நிரப்ப வேண்டும் என்று எட்டாவது விதி சொல்கிறது.

சந்தேகம், பிள்ளைகள்மேல் மிரட்டல், “நானும் செத்துருவேன்” என்பது: குடும்பத்தையே அழிக்கிறவன் முன்கூட்டி விடும் அறிகுறிகளில் முக்கியமானவை எல்லாம் இந்திய அரசின் ஒரே தாளில் இருபது ஆண்டாக இருக்கின்றன. கணவன் தற்கொலை மிரட்டல் விடுத்தால் அதை அவனுடைய துக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மனைவிக்கு வரும் ஆபத்தாகவும் எழுதச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். விதிகளை எழுதியவர் யாரோ விஷயம் தெரிந்தவர்.

இப்போது பாலசமுத்திரத்துக்கு வருவோம். பழனியை ஒட்டி, மலையடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கம் உள்ள பேரூராட்சி. அங்கே ஒரு பெண் புகார் கொடுக்கக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021 முதல் இலவசம்; பழனி மகளிர் காவல் நிலையம் வரை செலவில்லாமல் போய்விடலாம். ஐந்தாம் படிவத்தை நிரப்ப வேண்டிய அலுவலர் இருப்பது திண்டுக்கல்லில், சுமார் 60 கிலோமீட்டர். மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. அந்த பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. ஒரு நாள் கூலி போகும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. எங்கே போயிருந்தாள் என்று வீட்டில் கேள்வி வரும். ஆகவே அவள் பெரும்பாலும் பழனியோடு நின்றுவிடுவாள்.

மகளிர் காவல் நிலையங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1992-இல் ஆயிரம்விளக்கில் முதலாவது திறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. பெண்கள் துணிந்து படியேறும் அரசு இடம் அது ஒன்றுதான் என்பது இன்றும் பல ஊர்களில் உண்மை. ஆனால் அங்கே நடப்பது என்ன என்று போய் வந்தவர்களைக் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மனு வாங்கி ரசீது கொடுப்பார்கள். கணவனுக்குப் போன் போகும். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்து வாசல் மரத்தடியில் நிற்கும். “சேர்ந்து வாழறியாம்மா?” என்பதுதான் முக்கியமான கேள்வி. “பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போ” என்று அவளுடைய அத்தையே சொல்வாள். இனிமேல் அடிக்கமாட்டேன் என்று வெள்ளைத் தாளில் அவன் எழுதிக் கொடுப்பான், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. அவன் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து அவள் வீடு திரும்புவாள். கழுத்தைப் பிடித்தானா, பிள்ளைகளைப் பற்றி என்ன சொன்னான், சாகப்போவதாகச் சொன்னானா என்று அந்த மரத்தடியில் கேட்பதற்கு யாருக்கும் பழக்கமில்லை. சட்டத்தின் ஐந்தாவது பிரிவு போலீஸுக்குச் சொல்லும் வேலை வேறு: உனக்கு என்னென்ன உரிமை இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார், இலவச வக்கீல் உண்டு, விரும்பினால் கிரிமினல் வழக்கும் போடலாம் என்று அவளிடம் எடுத்துச் சொல்வது. சேர்த்து வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிவை ஒட்டிய நாட்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ஆய்வு சொல்கிறதோ, அந்த நாட்களில்தான் நம் ஊர் மிகவும் அலட்சியமாக இருக்கிறது. பெண் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றால் பிரச்சினை முடிந்தது என்று பெற்றவர்கள் நினைக்கிறார்கள். “கோவத்துல சொன்னேன், வந்துரு” என்று அவன் வாசலுக்கு வந்தால் சாப்பாடு போட்டு உட்காரவைக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை! ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் ஹன்னா கிளார்க் என்ற பெண் கணவனை விட்டுப் பிரிந்து தாய் வீட்டில்தான் இருந்தார். 2020 பிப்ரவரி 19 காலை காரில் வைத்து அவரையும் மூன்று குழந்தைகளையும் அந்தக் கணவன் எரித்தான். பல ஆண்டுகளாக அவன் அவரை அடித்ததைவிட ஆட்டிவைத்ததே அதிகம்: என்ன உடுத்தலாம், யாரோடு பேசலாம் என்பதெல்லாம் அவன் கையில். அந்தச் சாவுக்குப் பிறகு குயின்ஸ்லாந்து மாநிலம் இப்படி ஆட்டிவைப்பதையே தனிக் குற்றமாக்கியது. 2025 மே மாதம் அது அமலுக்கு வந்தது. இங்கிலாந்து 2015-இலேயே செய்துவிட்டது.

இங்கிலாந்தில் வேறொரு ஏற்பாடும் உண்டு. வீட்டு வன்முறையில் ஓர் உயிர் போனால், கொன்றவன் செத்திருந்தாலும், கோப்பு மூடப்படுவதில்லை. 2011 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு சாவையும் பின்னோக்கிப் படிக்கும் ஆய்வு அங்கே சட்டப்படி கட்டாயம். அவள் எந்த டாக்டரிடம் போனாள், பள்ளிக்கூட டீச்சர் எதைக் கவனித்தார், போலீஸுக்கு எத்தனை போன் வந்தது, அன்று யார் என்ன செய்திருக்கலாம் என்று எழுதிப் பெயர் மறைத்து வெளியிடுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2003 முதல் இதற்கென்றே ஒரு குழு. தமிழரும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை: 2020-இல் லண்டன் பிரென்ட்ஃபோர்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தகப்பன், மனைவியையும் மூன்று வயது மகனையும் கொன்று தானும் செத்தார்.

நம் நாட்டில் பின்னோக்கிப் படிப்பது நீதிமன்றத்தில் மட்டும்தான், அதுவும் கொன்றவன் பிழைத்திருந்தால். அங்கேயும் கேள்வி ஒன்றே: தூக்கா, ஆயுளா? மத்தியப் பிரதேசத்தில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கொன்றவரின் தூக்கை உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. கருணை மனு ஆண்டுக்கணக்கில் தாமதமானதைக் காட்டி 2019-இல் ஆயுளாக்கியது. பல்லாரிக்காரருக்கும் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்கு என்றன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சாகும்வரை சிறை என்று மாற்றியது. தூக்கு கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் தானே சாகத் தயாராகக் கத்தியை எடுக்கிறவனுக்குத் தூக்கு எந்த வகையில் பயம் காட்டும்? பெருங்குடி, பொழிச்சலூர், ஒரந்தவாடி மூன்றிலும் தண்டிக்க ஆளே இல்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கெடு விதித்தது. மாவட்டம் மட்டுமல்ல, தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு அமர்த்த வேண்டும் என்றது. அப்படிப் பழனியில் ஒருவர் உட்கார்ந்தால், பாலசமுத்திரத்துப் பெண் இலவச டவுன் பஸ்ஸிலேயே அவரிடம் போய்விடலாம். அவர் வேறு துறையின் நாலு வேலையோடு இதையும் ஐந்தாவதாகச் சுமப்பவராக இருக்கக் கூடாது. மகளிர் நிலையத்தில் மனு ரசீது எழுதப்படும் ஒவ்வொரு முறையும், 2018 டிசம்பர் முதல் இயங்கும் 181 எண்ணுக்கு அந்தத் தாலுகாவிலிருந்து அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும், அதன் நகல் அவர் மேசைக்கு வர வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் “கீழே விழுந்துட்டேன்” என்று மூன்றாம் தடவை வருகிறவளைப் பார்க்கும் நர்சுக்கு அவருடைய போன் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் கழுத்து, பிள்ளைகள், தற்கொலை என்ற மூன்று வரிகளுக்கு எதிரே எழுத்து விழுந்த வீடுகளை மட்டும் தனியே எடுத்து, வாரம் ஒருமுறை டி.எஸ்.பி.யோடு உட்கார்ந்து பார்த்தால்கூட, ஒரு தாலுகாவில் அந்தப் பட்டியல் கைக்குள் அடங்குவதாகத்தான் இருக்கும். அந்த வீடுகளில் யாரையும் மரத்தடியில் வைத்துச் சேர்த்து அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவு போட, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.